முப்பதுக்குள்

வண்ணார்பேட்டை பைபாஸில்
டயர் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே
எங்கள் ஆபீஸ்.
வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி:
உள்ள என்ன இருக்கு?

எல்லோரும் துணி என்பார்கள்.

மேலப்பாளையம் செய்யதலி பாத்திமா
தம்மாமில் இருக்கும் மகனுக்குப்
பத்தமடைப் பாய் கொண்டுவந்தார்.
தராசில் பாய் பாயைவிடக் கனத்தது.
பிரித்தால், நடுவில், கைக்குட்டையில் சுற்றி
ஒரு பவர் பேங்க்.
'சின்னதுதான தங்கச்சி, சோப்புக்கட்டி கணக்கா.'
சோப்பு தீப்பிடிக்காதும்மா என்றேன்.
'வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுதான்
பிள்ளைய ஏத்தி விட்டேன்.
அதுக்கு ஒருத்தரும் ஸ்டிக்கர் ஒட்டலயே.'
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
பாய் போயிற்று.
பவர் பேங்க் அவரோடு
டவுன் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிற்று.

மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை;
நாங்கள் அதையே வாட் கணக்கில் சொல்கிறோம்.
முனைகளை டேப்பால் மூடு.
ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியே வை.
நெஞ்சுயரத்திலிருந்து விழுந்தாலும்
பெட்டி வாய் திறக்கக் கூடாது.
ஆள் போகும் விமானத்தில் தனிப் பேட்டரி ஏறாது.
சரக்கு விமானத்தில் ஏறும்,
அதுவும் அரை வயிறுகூட இல்லை,
நூற்றுக்கு முப்பது.
வீங்கியது, நசுங்கியது
எந்த விமானத்திலும் ஏறாது.

இசக்கிராஜ் வந்தது சனிக்கிழமை மத்தியானம்.
பணகுடிப் பக்கம் காற்றாலை இறக்கைகளில்
விரிசல் இருக்கிறதா என்று
ட்ரோன் விட்டுப் படமெடுக்கிற பையன்.
இங்கே காற்று ஓய்ந்துவிட்டது. கட்சில் வேலை.
ஆறு பேட்டரி. ஐந்தில் எண்பத்தெட்டு சதவீதம்.
'பறக்கதுக்குன்னே செஞ்ச சாமான்லாக்கா,
இத ஏத்த மாட்டேன்னா எப்படி?'
தானாப் பறக்கட்டும் தம்பி,
அடுத்தது வயித்துக்குள்ள இருந்துகிட்டுப்
பறக்கப்படாது.
'அப்ப எப்படிக் கொறைக்க?'
கேட்டவனே சிரித்துவிட்டான்.

ஆபீசுக்குப் பின்னால் காலி மனை, உடைமரம்.
ஆள் உயரத்தில் ட்ரோனை நிறுத்தினான்.
எங்கும் போகாமல், எதையும் பார்க்காமல்,
தன்னைத் தானே செலவழித்துக்கொண்டு
அது அந்தரத்தில் நின்றது.
புழுதி கிளம்பிற்று. கொடியிலிருந்து
டயர் கடைக்காரர் துண்டு விழுந்தது.
பரோட்டா மாஸ்டர் கைமாவோடு வந்து நின்றார்:
'என்னவே எடுக்கான்?'
ஒண்ணும் எடுக்கல அண்ணாச்சி, எறக்குதான்.
எழுபது, ஐம்பத்திரண்டு, நாற்பத்தொன்று என்று
தலைகீழான ஏலம்போல் கூவினான்.
இருபத்தொன்பதில் தரை.
அடுத்ததை மாட்டினான்.

ஐந்து முடிய நாலரை ஆயிற்று.
ஆறாவதை எடுத்துப் பார்த்தேன்.
வியாழக்கிழமை இறக்கையில் மோதி விழுந்ததாம்.
பூரிபோல் உப்பியிருந்தது.
'அஞ்சோட ஆறா டேப்பச் சுத்திருங்கக்கா.
யாருக்குத் தெரியப் போவுது?'

'சேதமடைந்தது எதுவும் இல்லை.'
அந்த வரிக்குக் கீழேதான்
ஜெபக்கனி என்று நான் எழுத வேண்டும்.
பேட்டரியோடு அதுவும் பறக்கும்.

எனக்குத் தெரியும்லா, என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு மணல் வாளி எங்கே என்று
அவனே கேட்டான்.

ஆறு மணிக்கு வேன் திருவனந்தபுரத்துக்குக் கிளம்பிற்று,
பணகுடி வழியாக,
அவன் படமெடுத்த இறக்கைகளின் அடியில்,
ஐந்து பசித்த பேட்டரிகளோடு.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப்
பின்பக்கம் போனேன்.
சுவரைவிட்டுத் தள்ளி, உடைமரத்தைவிட்டும் தள்ளி
வாளி இருந்தது.
மணல் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தேன்.
காய்ச்சல் இல்லை.

திங்கக்கிழம வரைக்கும்
சும்மா கிடலே, என்றேன்.